பத்தாவது படிக்கும் மகளுக்குக் கல்லூரிப் பாடமா?

வாசகி ஒருவர் எழுதிய கடிதம்:

“வணக்கம். நாங்கள் டெக்சாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். நான் ஈரோட்டில் படித்தவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளஸ் டூ, மார்க், அப்புறம் காலேஜ். மகள் இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த வருடத்துக்கான பாடத் தேர்வுப் படிவத்தில், பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜ் பாடங்களை ‘டூயல் கிரெடிட்’ என்று போட்டிருக்கிறார்கள். தெரிந்தவர் பையன் பள்ளியை முடிக்கும்போதே 60 கிரெடிட்டும் அசோசியேட் டிகிரியும் வாங்கிவிட்டானாம், இரண்டு வருட ஃபீஸ் மிச்சம் என்கிறார்கள். என் கணவரோ, ‘அதெல்லாம் லேசான பாடம், ஏபி எடுத்தால்தான் நல்ல யுனிவர்சிட்டி மதிக்கும்’ என்கிறார். மகள் இன்ஜினியரிங் என்கிறாள், சில நாள் டாக்டர் என்கிறாள். நாங்கள் எச்-1, எச்-4 விசாவில் இருக்கிறோம். எதை எடுக்கச் சொல்வது? எத்தனை எடுக்கலாம்? ஒரு ‘பி’ வந்துவிட்டால் என்ன ஆகும்?”

சகோதரிக்கு வணக்கம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் டூயல் கிரெடிட் எடுக்கலாம். ஆனால் அந்த 60 கிரெடிட் இலக்கை இன்றைக்கே விட்டுவிடுங்கள். பதினொன்றாம் வகுப்பில் செமஸ்டருக்கு ஒரு பாடம். அது நன்றாகப் போனால் பன்னிரண்டாம் வகுப்பில் செமஸ்டருக்கு இரண்டு வரை. அவையும் அமெரிக்க வரலாறு, அரசாங்கம், ஆங்கிலம் மாதிரியான பாடங்களாக இருக்கட்டும். கணக்கையும் அறிவியலையும் ஏபியிலேயே (கல்லூரி அளவுப் பாடத்தைப் பள்ளியில் படித்து, கடைசியில் பொதுத் தேர்வு எழுதும் திட்டம்) படிக்கட்டும். நான் டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜில், அதாவது உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரியில், ஆலோசகராக வேலை பார்க்கிறேன். டூயல் கிரெடிட் பாடங்களில் மாணவர்களைச் சேர்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதையே செய்துகொண்டு குறைத்து எடுங்கள் என்று ஏன் சொல்கிறேன் என்பதை விளக்குகிறேன். விளக்கம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்றால் என் கணக்கை நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

கிரெடிட் என்பது ஒரு கல்லூரிப் பாடத்தின் அளவைச் சொல்லும் அலகு. டூயல் கிரெடிட் என்றால் ஒரே பாடம், இரண்டு இடத்தில் பதிவு. உங்கள் மகள் ‘இங்கிலிஷ் 1301’ எடுத்தால் அது பள்ளியில் ஆங்கிலப் பாடமாகவும் கல்லூரியில் முதலாண்டு ஆங்கிலப் பாடமாகவும் ஒரே நேரத்தில் எழுதப்படும். இது புதிய ஏற்பாடு இல்லை. பள்ளி மாணவர்கள் அரசுச் செலவில் கல்லூரிப் பாடம் படிக்கலாம் என்று மின்னசோட்டா மாநிலம் 1985-லேயே சட்டம் போட்டது. டெக்சாஸில் ஒரு மாணவர் எத்தனை பாடம் எடுக்கலாம் என்பதற்கு முன்பு வரம்பு இருந்தது. 2015-ல் சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் காதில் விழுகிற 60 கிரெடிட் கதைகள் பெருகின. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே திட்டமிட்டு, அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டம் வரை கொண்டுபோகும் ‘ஏர்லி காலேஜ்’ பள்ளிகளும் இங்கே இருக்கின்றன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அவை பெரிய வாசலைத் திறந்துவிட்டிருக்கின்றன. அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு நிறைய மதிப்பு உண்டு. உங்கள் மகளின் நிலைமை வேறு என்பதால்தான் வேறு பதில் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கடைசியாகக் கேட்ட ‘பி’ கேள்விக்கு முதலில் வருகிறேன். மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

நம் ஊரில் பதினொன்றாம் வகுப்பு மார்க் கொஞ்சம் குறைந்தால், பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். இங்கே டூயல் கிரெடிட்டில் வாங்கும் கிரேடு கல்லூரி டிரான்ஸ்கிரிப்டின், அதாவது மதிப்பெண் பதிவேட்டின், முதல் வரியாக ஏறிவிடும். அதற்குப் பிறகு அவள் எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், ‘இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டும் அனுப்பு’ என்று கேட்பார்கள். பதினாறு வயதில் படித்தது என்பதால் விட்டுவிடலாம் என்ற சலுகை கிடையாது.

டாக்டர் ஆசை இருப்பதால் இதை இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும். மருத்துவக் கல்லூரிகளுக்கு ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் வழியாகப் போக வேண்டும். டெக்சாஸ் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு டிஎம்டிசாஸ் என்று தனியாக ஒன்று. இரண்டுமே பள்ளியில் இருக்கும்போது எடுத்த கல்லூரிப் பாடங்களையும் பதிவு செய்யச் சொல்லும், ஜிபிஏ என்ற சராசரிக் கணக்கிலும் (‘ஏ’க்கு 4, ‘சி’க்கு 2) சேர்க்கும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதினொன்றாம் வகுப்பில் இரண்டு பாடம், ஒவ்வொன்றும் 3 கிரெடிட், இரண்டிலும் ‘சி’ என்று வையுங்கள். அப்புறம் பல்கலைக்கழகம் போய் 60 கிரெடிட்டுக்கு ஒன்றுவிடாமல் ‘ஏ’ வாங்கினாலும் அவளுடைய ஜிபிஏ 3.82-தான். பதினாறு வயதில் நீச்சல் போட்டியும் கச்சேரியும் ஒன்றாக வந்து சறுக்கிய ஒரு செமஸ்டர், இருபது வயதில் அப்படி முன்னால் வந்து நிற்கும்.

ஒரே ஒரு ‘பி’ வந்தால்? ஒன்றும் ஆகாது. இதை உறுதியாகச் சொல்கிறேன், மகளிடமும் சொல்லுங்கள். கல்லூரிப் பாடத்தில் ‘பி’ வாங்கிய பதினொன்றாம் வகுப்பு மாணவியை எந்தப் பல்கலைக்கழகமும் அதற்காக ஒதுக்காது. ‘சி’ வந்தாலும் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கிரெடிட் போய்ச் சேரும். ‘டி’ வந்தால்தான் இரட்டைச் சேதம். பெரும்பாலான இடங்களில் கிரெடிட் சேராது, கிரேடு மட்டும் டிரான்ஸ்கிரிப்டில் தங்கும். அந்த நிலைமைக்குப் போகாமல் நடுவழியில் இறங்கிக்கொள்ள இரண்டு படிகள் இருக்கின்றன. வழக்கமான செமஸ்டரில் வகுப்பு நடக்கும் 12-வது நாள் ‘சென்சஸ் டே’. அதற்குள் பாடத்தை விட்டுவிட்டால் டிரான்ஸ்கிரிப்டில் அதன் சுவடே இருக்காது. அதற்குப் பிறகு, கல்லூரி குறித்திருக்கும் கடைசித் தேதிக்குள் விட்டால் ‘டபிள்யூ’ என்று எழுதுவார்கள். ஜிபிஏவைத் தொடாது, ஆனால் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். டெக்சாஸ் அரசுக் கல்லூரிகளில் ஒரு மாணவர் மொத்தம் ஆறு பாடங்களைத்தான் இப்படி விடலாம் என்று ஒரு சட்டம் உண்டு. பள்ளி முடிக்கும் முன் விட்ட டூயல் கிரெடிட் பாடம் அந்த ஆறில் சேராது. ஆகவே அது பற்றிப் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு: அந்தப் பாடம் பள்ளிப் பட்டயத்துக்கும் தேவையான பாடமாக இருந்தால், கல்லூரியில் விட்டதும் பள்ளியில் அந்த இடம் காலியாகிவிடும். பாடத்தை விடுவதற்கு முன் பள்ளி கவுன்சலரைப் பார்க்காமல் ஒரு பொத்தானைக்கூட அழுத்த வேண்டாம்.

ஏபியில் இந்தச் சிக்கல் இல்லை. மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண், எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்பது மாணவியின் விருப்பம். சரியாக வரவில்லை என்றால் அனுப்பாமல் இருந்துவிடலாம். வகுப்புக் கிரேடு பள்ளி டிரான்ஸ்கிரிப்டில் மட்டும் இருக்கும். அதனால்தான் அவள் எதிர்காலத்துக்கு மிக முக்கியமான கணக்கு, வேதியியல், இயற்பியல், உயிரியல் பாடங்களை ஏபியில் வைக்கச் சொல்கிறேன். கால்குலஸில் ஒரு வருடம் தடுமாறினால் அந்தத் தடுமாற்றம் கல்லூரிப் பதிவில் எழுதப்படாது. பல்கலைக்கழகம் போய் முதலிலிருந்து கம்பீரமாக எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே உங்கள் கணவர் சொல்வதற்கும் வருகிறேன். டூயல் கிரெடிட் லேசு என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. சில பாடங்களைப் பள்ளியிலேயே, பள்ளி ஆசிரியரே நடத்துவார். அவருக்கு முதுநிலைப் பட்டமும், அந்தப் பாடத்தில் முதுநிலை அளவில் 18 கிரெடிட்டும் இருக்க வேண்டும் என்பது இந்தப் பகுதிக் கல்லூரிகளுக்கான அங்கீகார அமைப்பின் வழிகாட்டுதல். சில பாடங்களுக்குக் கல்லூரி வளாகத்துக்கே போக வேண்டும். சில ஆன்லைன். தரம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். அவர் சொல்வதில் ஒரு பாதி உண்மைதான்: வெளி மாநிலப் பல்கலைக்கழகம், பெரிய தனியார் பல்கலைக்கழகம் என்று போனால், பள்ளிப் பட்டயத்துக்கு ஏற்கெனவே எண்ணப்பட்ட பாடத்துக்குக் கிரெடிட் தர மாட்டோம் என்று சொல்பவை நிறைய. பள்ளிக் கட்டடத்தில் நடந்த பாடமா, கல்லூரி வளாகத்தில் கல்லூரி மாணவர்களோடு உட்கார்ந்து படித்ததா என்றும் விசாரிப்பார்கள். டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் நிலைமை தலைகீழ். அங்கே டூயல் கிரெடிட்டுக்குச் சட்டமே துணை நிற்கிறது.

அந்தத் துணை எவ்வளவு தூரம் வரும் என்பதில்தான் நிறையக் குடும்பங்கள் ஏமாந்துபோகின்றன. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டெக்சாஸில் எல்லா அரசுப் பட்டப்படிப்புக்கும் 42 கிரெடிட் அளவுக்குப் பொதுப் பாடத்திட்டம் உண்டு. ‘கோர்’ என்பார்கள். கம்யூனிட்டி காலேஜ்கள் எல்லாம் பாடங்களுக்கு ஒரே பொது எண்ணைப் பயன்படுத்துகின்றன. நான்கு இலக்கத்தில் முதல் இலக்கம் எந்த ஆண்டுப் பாடம் என்பதையும், இரண்டாவது இலக்கம் எத்தனை கிரெடிட் என்பதையும் காட்டும். 1301 என்றால் முதலாண்டு, 3 கிரெடிட். 2413 என்றால் இரண்டாமாண்டு, 4 கிரெடிட். இந்த எண்ணை வைத்து ஒரு கல்லூரியில் படித்ததை இன்னொரு கல்லூரி அடையாளம் கண்டுகொள்ளும். கிரெடிட் போய்ச் சேருமா என்று கேட்டால் யாரும் ‘சேரும்’ என்றுதான் சொல்வார்கள், அது பொய்யில்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, ‘அவள் எடுக்கப்போகும் டிகிரியில் இது எண்ணப்படுமா?’

உதாரணத்துக்கு ‘மேத் 1314’, காலேஜ் அல்ஜீப்ரா. டூயல் கிரெடிட் பட்டியல்களில் பரவலாக இருக்கிற பாடம், எல்லா அரசுப் பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் இன்ஜினியரிங் டிகிரியில் கணக்கு கால்குலஸிலிருந்துதான் தொடங்கும். அல்ஜீப்ராவின் 3 கிரெடிட்டும் டிரான்ஸ்கிரிப்டில் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒரு நாளைக்கூட மிச்சம் பண்ணாது. உயிரியலிலும் இதே கதை. 1406 அறிவியல் மாணவர்களுக்கானது, 1408 மற்றவர்களுக்கானது. பெயர் இரண்டிலும் பயாலஜிதான். டாக்டர் கனவோடு 1408 எடுத்தால் திரும்பவும் 1406 எடுக்க வேண்டிவரும். இயற்பியலில் 1401-க்குக் கால்குலஸ் தேவையில்லை, இன்ஜினியரிங்குக்கு வேண்டியது கால்குலஸ் கலந்த 2425. படிவத்தில் பாடத்தின் பெயரைப் பார்த்து டிக் போடாதீர்கள். எண்ணைப் பாருங்கள்.

தெரிந்தவர் பையனின் 60 கிரெடிட்டையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அவன் எடுக்கும் டிகிரி அரசியல் அறிவியலாகவோ, வணிகத்தில் சில பிரிவுகளாகவோ இருந்தால் அவனுக்கு உண்மையிலேயே ஒன்றரை, இரண்டு வருடம் மிச்சமாகலாம். அந்தக் குடும்பம் சந்தோஷப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. இன்ஜினியரிங் என்றால் கால்குலஸ் ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், கூடவே இயற்பியல், அதன்மேல் துறைப் பாடங்கள் என்று வரிசை கட்டி நிற்கும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததைத் தொட முடியாது. வரலாறும் ஆங்கிலமும் முடிந்துவிட்டதால் அந்த வரிசை சுருங்காது. செமஸ்டருக்கு ஒரு பாடம் குறையும், மூச்சு விட நேரம் கிடைக்கும். அதற்கும் மதிப்பு உண்டுதான். இரண்டு வருடம் என்று மட்டும் நம்பி வீட்டுப் பட்ஜெட் போடாதீர்கள்.

மூச்சு விடும் நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வருடம் துறை கிடையாது. கம்ப்யூட்டரா, மெக்கானிக்கலா என்பதைப் பெரும்பாலும் முதல் வருட ஜிபிஏதான் முடிவு செய்யும். கோர் முழுவதையும் பள்ளியிலேயே முடித்துவிட்டு அங்கே போகும் பிள்ளைக்கு அந்த முதல் வருடத்தில் மிஞ்சுவது கால்குலஸ், வேதியியல், இயற்பியல், புரோகிராமிங் மட்டும். ஜிபிஏவுக்குக் கை கொடுக்கிற வரலாறோ ஆங்கிலமோ கையில் இருக்காது. எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு போனவர்கள் அங்கே அதிகம் அழுத்தம் படுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளுக்குக் கோரில் சில பாடங்கள் மிச்சமிருப்பது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் எதை எடுப்பது? டெக்சாஸ் சட்டப்படி, அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பட்டம் வாங்குவதானாலும் அமெரிக்க வரலாறு 6 கிரெடிட், அரசாங்கம் 6 கிரெடிட் படித்தாக வேண்டும். இன்ஜினியரும் படிக்க வேண்டும், டாக்டருக்குப் போகிறவரும் படிக்க வேண்டும். மகள் மனசு மாறி ஓவியம் படிக்கப் போனாலும் இது வீணாகாது. எனவே பதினொன்றில் ஹிஸ்டரி 1301, 1302. முதல் செமஸ்டர் ஒன்று, இரண்டாவது செமஸ்டர் மற்றது. பள்ளியிலும் அது அமெரிக்க வரலாறு படிக்கும் வருடம்தான். கல்லூரி வழியாகப் படித்தாலும் மாநிலத்தின் ஸ்டார் தேர்வை எழுதியாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பன்னிரண்டில் கவர்ன்மென்ட் 2305, கூடவே 2306. இந்த 2306 டெக்சாஸ் அரசாங்கம் பற்றியது. ஏபி அரசாங்கப் பாடத்தில் டெக்சாஸ் அரசியலமைப்பு வராது. அதனால் ஏபி எடுத்தவர்கள்கூடப் பின்னால் இதற்காகத் தனியாக உட்கார வேண்டியிருக்கும். இங்கிலிஷ் 1301-ஐயும் சேர்க்கலாமா என்று மகளைக் கேளுங்கள். எழுதுவது அவளுக்குப் பிடிக்குமானால் சேர்க்கலாம்.

படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் பள்ளி மாவட்டத்தின் பாடக் கையேட்டில் ஒன்றைத் தேடிப் படியுங்கள். டூயல் கிரெடிட்டுக்கும் ஏபிக்கும் ஜிபிஏவில் ஒரே எடையா? சில மாவட்டங்களில் ஒரே எடை, சிலவற்றில் டூயல் கிரெடிட்டுக்குக் குறைவு. டாலஸ் புறநகர்களில் இது சின்ன விஷயமில்லை. 1997-ல் வந்த சட்டத்தின்படி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் உண்டு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், அதாவது யூடி ஆஸ்டின், மட்டும் விதிவிலக்கு. அங்கே அந்த வரம்பு 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர் செமஸ்டரில் சேர்பவர்களிலிருந்து 5 சதவீதமாகச் சுருங்கியிருக்கிறது. முன்வரிசையில் போட்டிபோடும் மாணவி என்றால் எடை வித்தியாசம் இடத்தைத் தீர்மானிக்கும். நடுவில் இருக்கும் மாணவி என்றால் இதைப் பற்றி ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியில் ‘ஆன்ராம்ப்ஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். யூடி ஆஸ்டின் நடத்துகிற திட்டம் அது. பள்ளி கிரேடைப் பள்ளி ஆசிரியர் போடுவார், கல்லூரி கிரேடை யூடி ஆசிரியர் தனியாகப் போடுவார். கல்லூரி கிரேடு வந்த பிறகு, அந்தக் கிரெடிட் வேண்டுமா வேண்டாமா என்று மாணவி முடிவு செய்யலாம். கல்லூரித் தரத்தை உரசிப் பார்க்கவும் வேண்டும், டிரான்ஸ்கிரிப்ட் பயமும் இருக்கக் கூடாது என்றால் உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைக்கு இது அருமையான ஏற்பாடு. இயற்பியலோ வேதியியலோ ஏபி இல்லாமல் ஆன்ராம்ப்ஸாக இருந்தால் நான் தயங்காமல் சரி என்பேன்.

அடுத்தது, வகுப்பு எப்படி இருக்கும் என்பது. இதைப் பெற்றோர் யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இங்கேதான், பாடத்தின் கடினத்தில் இல்லை.

இங்கே பல பள்ளிகளில் தேர்வில் தவறினால் மறுபடி எழுதலாம், வீட்டுப்பாடம் தாமதமானால் கொஞ்சம் மார்க் குறைத்து வாங்கிக்கொள்வார்கள். கல்லூரி வகுப்பில் முதல் நாள் கொடுக்கும் சிலபஸில் எல்லாம் எழுதியிருக்கும். இத்தனை கட்டுரை, இன்ன தேதி, இரவு 11:59 மணி, தாமதமானால் பூஜ்யம். ஆசிரியர் அப்புறம் ஞாபகப்படுத்த மாட்டார். ஒரு செமஸ்டர் வரலாற்றுப் பாடத்தில் மொத்தமே மூன்று தேர்வும் ஒரு கட்டுரையும் இருக்கலாம். ஒன்று சொதப்பினால் ஈடுகட்ட வேறு மார்க் கிடையாது. கல்லூரி விடுமுறையும் பள்ளி விடுமுறையும் ஒத்துப்போகும் என்பதும் நிச்சயமில்லை. பள்ளி ஸ்பிரிங் பிரேக்கில் ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டு, அந்த வாரம் கல்லூரியில் தேர்வு என்று வந்து நிற்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சிலபஸ் கைக்கு வந்ததும் மகளை உட்காரவைத்து, எல்லாத் தேதியையும் ஒரே காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். அவளே எழுதட்டும். எட்டு வார ஆன்லைன் வகுப்பை முதல் பாடமாக எடுக்கவே வேண்டாம். பதினாறு வாரப் பாடத்தை எட்டு வாரத்தில் அடைத்தது அது. ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் இரண்டு வாரப் பாடம் போய்விடும்.

அவளே எழுதட்டும் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த நிமிடத்திலிருந்து, பதினெட்டு வயது ஆகாவிட்டாலும், அந்தக் கல்லூரிப் பதிவுகளின் மீதான உரிமை உங்கள் மகளுடையது. 1974-ல் வந்த ஃபெர்பா என்ற மத்தியச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நீங்கள் பேராசிரியருக்கு ஃபோன் போட்டு ‘என் மகள் எப்படிப் படிக்கிறாள்?’ என்று கேட்டால் அவர் பெரும்பாலும் பதில் சொல்ல மாட்டார். பள்ளிக்கு வந்து சேரும் கிரேடைப் பள்ளியில் நீங்கள் கேட்கலாம். மகள் கையெழுத்திட்டு அனுமதி கொடுத்தால் கல்லூரியும் பேசும். சில அப்பா அம்மாக்கள் இதற்குக் குறுக்கு வழி கண்டுபிடிக்கிறார்கள். பிள்ளையின் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு தாங்களே உள்ளே போய்ப் பார்ப்பது, பிள்ளை பெயரில் பேராசிரியருக்கு மெயில் எழுதுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். நாற்பத்தைந்து வயதுக்காரர் எழுதிய மெயிலை எந்தப் பேராசிரியரும் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். அதைவிட முக்கியம், டூயல் கிரெடிட்டில் கிடைக்கிற மிகப் பெரிய லாபத்தை அப்போது நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள். பதினாறு வயதில், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, கல்லூரியில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகும் வாய்ப்பு அது. 3 கிரெடிட்டைவிட அது பெரிது என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

மெயில் எழுதத் தெரியவில்லை என்றால் சொல்லிக் கொடுங்கள், எழுதிக் கொடுக்காதீர்கள். கல்லூரி கொடுத்த மெயில் முகவரியிலிருந்து அனுப்ப வேண்டும். எந்தப் பாடம், எந்தப் பிரிவு என்பது தலைப்பிலேயே இருக்க வேண்டும். முதல் வரியில் பெயர், அடுத்து என்ன நடந்தது, கடைசியில் என்ன வேண்டும் என்பது. ‘சிலபஸில் தேடினேன், அங்கே இல்லை’ என்று ஒரு வரி இருந்தால் பேராசிரியர் மனசு இளகும்.

பணம், விசா. எச்-4 விசாவில் (எச்-1 வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைகள் பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கலாம், டூயல் கிரெடிட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. பின்னால் கல்லூரிக்குப் போகும்போது மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் எச்-4 மாணவர்களுக்குக் கிடையாது. ஆகவே ஃபீஸ் மிச்சமாவது உங்கள் குடும்பத்துக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே முக்கியம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. டூயல் கிரெடிட் கட்டணம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 2023-ல் வந்த சட்டத்தின் கீழ், பள்ளியில் இலவச அல்லது சலுகை விலை மதிய உணவுக்குத் தகுதியான பிள்ளைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகளில் இது முழுக்க இலவசம். மற்றவர்கள் கட்டணம் எவ்வளவு, புத்தகம் யார் வாங்க வேண்டும் என்று இரண்டையும் கேளுங்கள். 21 வயதில் எச்-4 முடிவதைப் பற்றி யோசித்து ‘சீக்கிரம் டிகிரி முடித்துவிடட்டும்’ என்று நினைத்தால், அதைப் பாடத் தேர்வுப் படிவத்தில் முடிவு செய்யாதீர்கள். குடிவரவு வழக்கறிஞரிடம் உங்கள் தேதிகளைக் காட்டிப் பேசுங்கள்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடுகிறேன், கடிதத்தில் இல்லாவிட்டாலும் அடுத்து இதுதான் வரும். நிறையக் கிரெடிட் சேர்ந்தால் புது மாணவி என்ற தகுதியும் அதற்கான ஸ்காலர்ஷிப்பும் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். பள்ளி முடிப்பதற்குள் வாங்கிய கிரெடிட்டால் அது போகாது. அவள் முதலாண்டு மாணவியாகத்தான் விண்ணப்பிப்பாள்.

இனி செய்ய வேண்டியது. இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டுங்கள், அப்புறம் நீங்கள் பேசாமல் அவள் சொல்வதைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் உங்கள் கருத்து இருக்கிறது, கணவரின் கருத்து இருக்கிறது, தெரிந்தவர் பையனின் கதைகூட இருக்கிறது. டூயல் கிரெடிட் வேண்டுமா என்று அவள் என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஏபி மட்டுமே எடுத்தும் பிள்ளைகள் நன்றாகப் போகிறார்கள். வேண்டும் என்றால் பள்ளி கவுன்சலரை அவளே போய்ப் பார்க்கட்டும். கேட்க வேண்டியவை: ஹிஸ்டரி 1301-ஐ யார், எங்கே நடத்துகிறார்கள்? ஜிபிஏ எடை என்ன? கல்லூரிப் பாடத்துக்குத் தயாரா என்று பார்க்கும் டிஎஸ்ஐ தகுதித் தேர்வு எழுத வேண்டுமா, எஸ்ஏடி மதிப்பெண் இருந்தால் விலக்கு உண்டா? பள்ளிப் படிவத்துக்கு ஒரு கெடு இருக்கும், கல்லூரி விண்ணப்பத்துக்கு வேறு கெடு. இரண்டாவதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். பள்ளியில் பாடத்தைப் போட்டுவிட்டால் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். கல்லூரியில் தனியாக விண்ணப்பித்து, மாணவர் எண் வாங்கி, பதிவு ஆகிவிட்டதா என்று ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன் அவளே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.